பஞ்சு பிரேக்

வலது காலால் முன் டயருக்கு ஓர் உதை. காதைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்பாள். பிறகு அடுத்த டயர், அடுத்த உதை. நான்கும் முடிந்த பிறகுதான் மாஸ்டரம்மா வண்டிக் கதவில் கை வைப்பாள். வெளிநாட்டு விமான நிலையத்தில் நாங்கள் வாடகைக்கு எடுத்த காரோ, டயர்களின் காற்றழுத்தத்தைத் தானே திரையில் காட்டும் ரகம். சாவி கொடுத்த பெண் அதைத் தொட்டுத் தொட்டு விளக்கினாள். “அது காட்டும். வழியில காத்து போனா அதுவா வந்து தள்ளும்?” என்று தமிழில் சொல்லிவிட்டு மாஸ்டரம்மா மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். புது வண்டி மேல் இந்த அம்மாளுக்கு என்ன கோபம் என்று அந்தப் பெண் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டிரைவிங் ஸ்கூலில் முப்பத்தொரு வருஷம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள் இவள். வலது சீட்டில் பயந்து வியர்க்கும் ஒரு ஜீவன், இடது சீட்டில் இவள். இவள் காலடியில் தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக். ஊரில் ஓடுகிற பாதிக் கார்களை ஓட்டுகிறவர்கள் இவளிடம் திட்டு வாங்கியவர்கள். நானும்தான். மூன்றாவது முறைதான் எனக்கு லைசென்ஸ் கிடைத்தது. அதை அவள் இன்றுவரை யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. ஆனால் சொந்தமாக அவளிடம் ஒரு கார் இருந்ததில்லை. வேலை முடிந்ததும் பஸ்ஸில்தான் வீடு போவாள். ஓய்வு பெற்ற நாளிலும் மாலையும் கையுமாகப் பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள்.

“ஊருக்கே ஓட்டக் கத்துக்குடுத்தேன். பக்கத்துல ஒருத்தன் கியரைப் போட்டு நறநறன்னு அரைக்காம, நானா நூறு கிலோமீட்டர் ஓட்டினதில்லை” என்பது அவளுடைய நெடுநாள் புகார். வெளிநாட்டில் இருக்கும் மகன், “உள்ளூர் விமானத்துல மாறி வந்துடும்மா, நான் வந்து கூட்டிக்கறேன்” என்றான். இவள் கேட்கவில்லை. ஆயிரத்து நூறு கிலோமீட்டரும் தானே ஓட்டி, தன் கையால் அவன் வாசலில் வண்டியை நிறுத்துவது என்று முடிவு. துணைக்கு நான்.

நர்ஸாக முப்பத்தெட்டு வருஷம் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொண்டவள் நான். எதற்கும் மாற்று ஏற்பாடு இல்லாமல் நகர மாட்டேன். வாடகைப் படிவத்தில் இரண்டாவது ஓட்டுநர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன்.

“நீ எதுக்கு? ஸ்டெப்னியா?”

“ஸ்டெப்னி இல்லாம நீ வண்டி எடுப்பியா?” என்றேன்.

அந்த நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகின்றன. ஸ்டீயரிங் இடது சீட்டில் இருக்கிறது. இதில் அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். “பார்த்தியா சிஸ்டர், என் சீட்டைத் தேடி ஸ்டீயரிங் வந்துடுச்சு!” ஆனால் கால் அந்தச் சந்தோஷத்தில் கலந்துகொள்ளவில்லை. கிளட்ச் இல்லாத வண்டி அது. முதல் நாள் முழுக்க அவளுடைய இடது கால் கிளட்சைத் தேடி, அகலமான பிரேக்கைக் கண்டுபிடித்து ஓங்கி மிதித்தது. ஒவ்வொரு தடவையும் நான் முன்னால் போய்த் திரும்பி வந்தேன். பின்னால் வந்தவர்கள் தங்கள் மொழியில் எங்கள் வம்சத்தை விசாரித்தார்கள். கடைசியில், “அந்தக் காலை மடக்கி சீட்டுக்கடியில வை” என்று சொல்லிவிட்டேன். வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள், பெரிய ரவுண்டானா ஒன்றில் மாட்டிக்கொண்டோம். அவள் பாடத்தில் இடது, வலது என்ற சொற்களே கிடையாது. பயந்தவர்களுக்கு அவை குழம்பும் என்பாள். இடதுக்கு ‘என் பக்கம்’, வலதுக்கு ‘உன் பக்கம்’. இப்போது செல்போனில் வழி பார்த்துச் சொல்லும் வேலை எனக்கு. வலது சீட்டில் இருந்த நான், “என் பக்கம் திருப்பு” என்றேன். முப்பத்தொரு வருஷம் பழகிய காது, ‘என் பக்கம்’ என்றதும் கையை இடது பக்கம் வளைத்துவிட்டது. வெளியே போகவேண்டிய வண்டி இன்னொரு சுற்று சுற்றியது.

“யார் பக்கம்னு ஒழுங்கா சொல்லேன்!”

“நான் உட்கார்ந்திருக்கிற பக்கம்!”

“நீ ஸ்டூடண்ட் சீட்ல இருக்கே. அப்ப அது உன் பக்கம்.”

“என் பக்கத்தை நானே எப்படி உன் பக்கம்னு சொல்றது?”

“வாத்தியார் நானா நீயா?”

நான்காவது சுற்றில், என் நெஞ்சைத் தொட்டுக் காட்டி “உன் பக்கம்!” என்று கத்தினேன். வண்டி சமர்த்தாக வெளியே வந்தது. ஓரத்துப் பெஞ்சில் நாயுடன் உட்கார்ந்திருந்த பெரியவர், இரண்டாவது சுற்றிலிருந்தே எங்களுக்குக் கையாட்டத் தொடங்கியிருந்தார்.

அன்று மாலை வேறொன்றும் நடந்தது. சிக்னலில் கோட்டைத் தாண்டி நின்றாள். அடுத்த சிக்னலில் கோட்டுக்கு முப்பது அடி முன்பே நின்றாள். அதற்கடுத்ததில் நிற்க நினைத்து நகர்ந்துகொண்டே இருந்தாள். “இந்த ஊரு பிரேக்கே சரியில்லை, பஞ்சு மாதிரி இருக்கு. கால் வச்சதே தெரியலை” என்றாள். நானும் அவளோடு சேர்ந்து வண்டியைத்தான் குறை சொன்னேன். என் அனுபவத்துக்கு அது அழகல்ல.

மூன்றாம் நாள் காலை, விடுதி வாசலில் வழக்கம்போல டயர் பரீட்சை. மூன்றாவது டயரை உதைத்துவிட்டு நான்காவதுக்குப் போகும்போது பார்த்தேன். அவளுடைய வெள்ளைக் கேன்வாஸ் ஷூவின் முனை சிவப்பாக இருந்தது.

“கால்ல என்ன?”

“எந்தக் கால்ல?” என்று குனிந்து பார்த்தாள், பக்கத்து வீட்டுக்காரியின் காலைப் பார்ப்பதுபோல.

டிக்கியைத் திறந்து அதன் விளிம்பில் உட்காரவைத்தேன். சாக்ஸ் விரலோடு ஒட்டியிருந்தது. நனைத்துக் கழற்றினேன். கட்டைவிரல் நகம் பாதி பெயர்ந்திருந்தது. அடியில் இருந்த ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. இன்றைய காயம் மட்டும் அல்ல, முதல் நாள் உதையும் அதில் இருந்தது.

“வலிக்கலையா?”

“வலிச்சா சொல்ல மாட்டேனா?”

அவளுக்குப் பதினான்கு வருஷமாகச் சர்க்கரை. கேட்டால் “கன்ட்ரோல்ல இருக்கு” என்பாள், மாணவன் ஸ்டீயரிங்கைச் சொல்வதுபோல. காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டேன். மீதமிருந்த பஞ்சைத் திரித்து எடுத்தேன்.

“கண்ணை மூடு. பாதத்துல பஞ்சு பட்டா ‘இப்ப’ன்னு சொல்லு.”

கண்ணை மூடினாள். “இப்ப” என்றாள். சற்று விட்டு, “இப்ப.” பிறகு, “இப்ப, இப்ப.” எட்டுத் தடவை சொல்லிவிட்டு முதல் ரேங்க் வாங்கிய முகத்தோடு கண்ணைத் திறந்தாள். “எப்படி?”

“நான் மூணு தடவைதான் தொட்டேன். அப்பல்லாம் நீ வாயைத் திறக்கலை. நீ ‘இப்ப’ன்னப்ப எல்லாம் என் கை என் மடியில இருந்தது.”

குனிந்து தன் பாதத்தைத் தானே தடவிப் பார்த்தாள்.

“கண் டெஸ்டுக்கு எழுத்தை மனப்பாடம் பண்ணிட்டு வர்றவங்களைப் பத்தி வண்டி வண்டியா திட்டுவியே, ஞாபகம் இருக்கா?”

“இடது கால் நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

“அது கிளட்ச் தேடுற கால்.”

“இன்னும் நானூறு கிலோமீட்டர்தான்டி.”

“இதே மாதிரி கால் மரத்துப்போன ஸ்டூடண்ட் வந்தா, நீ லைசென்ஸுக்கு அனுப்புவியா?”

காலைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். பிறகு பேரத்தில் இறங்கினாள். “சரி, நீயே ஓட்டு. அவன் தெரு வந்ததும் குடுத்துடு. வாசல் வரைக்கும் ஐம்பது அடி. மெதுவா உருட்டிக்கிட்டுப் போறேன். நான்தான் ஓட்டிட்டு வந்தேன்னு அவன் பார்க்கணும், அவ்வளவுதான்.”

“அந்த ஐம்பது அடியிலதான் உன் பேரன் வண்டிச் சத்தம் கேட்டு ஓடி வருவான்” என்றேன்.

டிக்கி விளிம்பில் உட்கார்ந்தபடியே சாவி வளையத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் பஞ்சையும் கத்தரியையும் எடுத்து வைத்தேன். இந்த மாதிரி நேரத்தில் தோளைத் தட்டினால் அழுவார்கள். அழுதால் கிளம்பத் தாமதமாகும். ஒருவழியாக எழுந்தாள். சாவியின் வளையத்தைப் பிடித்து, புது மாணவனிடம் நீட்டுவதுபோல என்னிடம் நீட்டினாள். “கழுத்தை நீட்டிக்கிட்டு ஓட்டாதே. ஆமை மாதிரி இருக்கு.”

வலது சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட காலில் ஷூ ஏறவில்லை. என் கம்பளிக் காலுறையை மாட்டிவிட்டேன்.

“பெல்ட். கண்ணாடி. பின்னாடி பார். என் பக்கம் இன்டிகேட்டர்” என்றாள். இப்போது அவள் உட்கார்ந்திருந்த வலப்பக்கத்து விளக்கைப் போட்டேன். சரி என்று தலையாட்டினாள்.

விடுதியைத் தாண்டியதும் முதல் சிக்னல் மஞ்சளுக்கு மாறியது. நான் பிரேக்கில் கால் வைத்தேன். அதே நேரத்தில் என் பக்கத்தில், காலுறை போட்ட அந்தக் கால் எழுந்து, பெடல் இல்லாத இடத்தில் ரப்பர் விரிப்பைக் கடைசிவரை அழுத்தியது. வண்டி கோட்டில் நின்றது. எட்டிக் கோட்டைப் பார்த்துக்கொண்டாள். பச்சை விழும்வரை அந்தக் காலை எடுக்கவில்லை.