பரீட்சைக்குப் போன வழியில் மூச்சு வாங்கிய மோட்டார்

இன்று ஆசிரியப் பரீட்சை எழுத, சித்தியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஏரலிலிருந்து பாளையங்கோட்டைக்குக் கிளம்பினேன். மொய்தீன் அண்ணாச்சி ஓட்டும் அவருடைய பழைய மோட்டார் கார். பின்பக்கத்தை வெட்டிப் பலகை அடித்து, கருப்பட்டி ஏற்றுகிற வண்டி.

பாதி வழியில் எருமைகள் குறுக்கே வர, அண்ணாச்சி நிறுத்தினார். நின்ற இடத்திலேயே இன்ஜின் சத்தம் தானாக ஏறியது, இறங்கியது, கடைசியில் அணைந்தது. பெட்ரோல் குழாயை ஊதினார், பிளக்கைத் துடைத்தார். மறுபடியும் அதே கதைதான்.

"மாட்டு வண்டி பிடிச்சுத் திரும்பிருவோம்ட்டி" என்றாள் சித்தி.

"முடியாது சித்தி. இன்னைக்கு எழுதலன்னா வீட்ல கல்யாணத்த முடிச்சிருவாவ."

அண்ணாச்சியிடம் கேட்டேன். "மூச்சு வாங்குத மாதிரியில்லா இருக்கு. எங்கனயாவது காத்து இழுக்குதோ?"

யோசித்தார். "இருக்கும். வண்டியக் கிளப்புதேன். ஒவ்வொரு மூட்டுலயும் பைய எண்ணெய் விடும்மா, காத்து இழுக்குத ஓட்டய எண்ணெய் அடைச்சிரும்லா, நான் சத்தத்தக் கேக்கேன்."

காற்றும் பெட்ரோலும் இன்ஜினுக்குள் நுழையும் குழாயின் மூட்டில் விட்டதும் சத்தம் சீரானது.

"அங்கனதான்" என்றார் அண்ணாச்சி.

மூட்டுக்குள் இருந்த தோல் வளையம் கிழிந்திருந்தது. என் பூகோளப் புத்தகத்தின் அட்டையை அளவாக வெட்டி, சோப்புத் தடவி வைத்து இறுக்கினோம்.

வண்டி அப்புறம் நிற்கவில்லை; பரீட்சை மணி அடிக்கும்போது உள்ளே நுழைந்துவிட்டேன்.

விடைத்தாளில் என் கட்டைவிரல் வண்டி எண்ணெயோடு கறுப்பாகப் பதிந்திருக்கிறது. அதற்கு மார்க்கைக் குறைப்பார்களா? பரீட்சை எழுதியவர்கள் யாராவது சொல்லுங்கள்.