இடுப்பில் எடுத்தது யார் முட்டியில்?

இறைச்சிச் சந்தையில் அவளை எல்லோரும் வெட்டுக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். வாய் பேசுவதற்குள் கை பேசிவிடும். எடை குறைகிறது என்று சண்டைக்கு வந்த ஓட்டல்காரன் முன்பல்லோடு வந்தான், முன்பல் இல்லாமல் போனான். கட்டியவன் ஒரே ஒரு தடவை கை ஓங்கினான்; ஓங்கிய கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டான்.

அம்மா விட்டுப்போனது ஒரு கடை, ஒரு வெட்டுக்கட்டை, இரண்டு மகள்கள். கட்டை முன்னால் நிற்கிறவள்தான் முதலாளி, மற்றவள் உட்கார்ந்து பொட்டலம் கட்ட வேண்டியது. அம்மா போட்ட சட்டம் அது. பெரியவளான வெட்டுக்காரி நின்றாள். ஈரத் தரையில் நின்று நின்று முட்டி இரண்டும் தேய்ந்து, நடந்தால் நறநறவென்றது. சின்னவளுக்கும் அதே முட்டிதான், உட்கார்ந்தால் எழ முடியாது.

"அக்கா, கொஞ்ச நாள் நான் நிக்கிறேன், நீ உக்காரு."

"என் பொணம் உக்காரும், அப்ப வந்து நில்லு."

பெரிய ஆஸ்பத்திரியில் முட்டிக்குப் புது வைத்தியம் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் போனார்கள். இடுப்பெலும்பில் தடித்த ஊசியைத் திருகி இறக்கி மஜ்ஜையை உறிஞ்சினார்கள். அதிலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்து, வளர்த்து, அப்புறம் முட்டிக்குள் போடுவார்களாம். அதுவும் பாதிப் பேருக்குத்தான். மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று போடுகிற டாக்டருக்கே தெரியாதாம்.

"இது என்ன தம்பி, சூதாட்டமா?" என்று டாக்டரைக் கேட்டாள் வெட்டுக்காரி.

"நிஜமாவே குணமாகுதான்னு பாக்கத்தாம்மா இந்தச் சோதனையே. ஆகலாம், ஆகாமலும் போகலாம்."

ஊசி போடும் நாளில் அக்கா தங்கை இருவருடைய மருந்து டப்பாவையும் நர்ஸ் ஒரே தட்டில் கொண்டுவந்து, இரண்டு கட்டிலுக்கும் நடுவில் வைத்துவிட்டுக் கொஞ்சம் திரும்பினாள். வெட்டுக்காரி அதைப் பார்த்தாள்.

அப்புறம் பார்த்தால் சின்னவள் மாடிப்படியில் தடதடவென்று ஏறுகிறாள். குந்தி உட்கார்ந்து கட்டைக்கடியில் ரத்தத்தைக் கழுவுகிறாள். பெரியவளோ சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"என்னக்கா, தங்கச்சி மான் மாதிரி துள்ளுது, நீ இன்னும் துருப்பிடிச்ச கதவு மாதிரி சத்தம் போடுற?" என்று ஐஸ் வண்டிக்காரன் வாயைக் கொடுத்தான். அவள் கையிலிருந்த தொடை எலும்பு அவன் மண்டையில் போய்த்தான் நின்றது.

ஒருநாள் காலை நொண்டிக்கொண்டு கடைக்கு வந்தால், கட்டை முன்னால் சின்னவள் நிற்கிறாள்.

"நகருடி."

"உன்னால நிக்க முடியலன்னுதானக்கா..."

"என் இடுப்புல குடைஞ்சு எடுத்தத, டப்பாவ மாத்தி உன் முட்டியில போட்டுக்கிட்டு, என் கட்டையிலயே நிப்பியா?"

"பைத்தியமா உனக்கு? டப்பாவுல பேரு எழுதி ஒட்டியிருந்துச்சு!"

"நீ படிச்சுப் பாத்தியா?"

"எனக்கெங்க படிக்கத் தெரியும்? நர்ஸுக்குத் தெரியுமில்ல!"

வெட்டுக்காரி தங்கையின் மயிரைப் பிடித்து இழுத்தாள். சின்னவள் எடைக்கல்லைத் தூக்கி ஒரு போடு போட்டாள். அக்காள் நெற்றி பிளந்து கண்ணில் ரத்தம் இறங்கியது. கண் தெரியாமலே அவள் கத்தியைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் தங்கையின் முட்டியில் இறக்கினாள். வாழ்நாளெல்லாம் எலும்பு உடைத்தவள் அவள். உடைந்த எலும்பு அலறி அன்றுதான் கேட்டாள்.

கத்தி கை நழுவி விழுந்தது.

"எப்படிம்மா உடைஞ்சுது?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்.

"கட்டை உருண்டு விழுந்துச்சு" என்றாள் சின்னவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"உங்க அக்கா நெத்தியில?"

"அதே கட்டைதான்."

முட்டியைத் திறந்து அறுவை செய்ய வேண்டியிருந்தது. அதனால் முன்பு அதற்குள் போட்டது எது என்று டாக்டர் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார்: "உங்களுக்குப் போட்டது உப்புத் தண்ணிதான்."

வெட்டுக்காரி அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "அப்ப எனக்கு?"

"அத இப்ப சொல்லக்கூடாதும்மா."

"உன் முட்டியும் எனக்கு எட்டும், தம்பி."

அவர் போய்க் கேட்டுவந்து சொன்னார். அவளுக்குப் போட்டது செல்தான். அவள் இடுப்பில் எடுத்தது அவள் முட்டியிலேயேதான் இருந்தது, சும்மா.

"அப்ப இவ எப்படி ஓடுனா?"

"மருந்து உள்ள போயிடுச்சுன்னு நம்பினாலே சில பேருக்கு வலி குறையும்மா."

சின்னவள் தலையைத் தூக்கினாள். "ஏன்க்கா உடைச்ச? நல்லா நம்பிக்கிட்டுத்தான இருந்தேன்."



இப்போது கட்டை முன்னால் வெட்டுக்காரிதான் நிற்கிறாள். போட்டிக்கு ஆளில்லை. சின்னவள் முக்காலியில் உட்கார்ந்து பொட்டலம் கட்டுகிறாள். மடங்காத கால் உலக்கை மாதிரி நடைபாதையில் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் காலுக்குச் செருப்பு மாட்ட அவளுக்குக் கை எட்டாது. தினமும் காலையில் வெட்டுக்காரிதான் நறநறக்கிற முட்டியை மடக்கிக் குந்த வேண்டும்.

"இன்னும் கீழ குனி. உனக்குத்தான் செல்லு, எனக்கு வெறும் தண்ணி."

வலியில் கண்ணீர் முட்டும். கை தானாக ஓங்கும். சின்னவள் அசையமாட்டாள், எடைக்கல் இருக்கும் இடத்தைக் கண்ணால் மட்டும் காட்டுவாள். வெட்டுக்காரி கையை இறக்கி, இன்னும் கொஞ்சம் குனிந்து, செருப்பின் வாரை இழுத்து மாட்டுவாள்.