இன்னைக்குக் கொடி வேண்டாம்

ஜனவரி பதினேழாம் தேதி காலை தில்கா கண் விழித்ததே கூரைப்பனி சரிந்து விழுந்த சத்தத்தில்தான். எழுந்து ஜன்னலைத் திறந்தாள். முகத்தில் பட்ட காற்று வெதுவெதுப்பாக இருந்தது. கூரை விளிம்பு நெடுகச் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. முந்தின நாள்வரை இடுப்பளவு நின்ற பனி, இரவோடு இரவாக முழங்காலுக்கு இறங்கியிருந்தது. தெற்குக் காற்று வந்துவிட்டது.

எங்கள் மலையில் நடுக்குளிர்காலத்தில் நாலைந்து நாள் இந்தக் கூத்து நடக்கும். நாற்பது நாளாகக் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஏதோ வெள்ளிக்கிழமை சந்தைக்கு வந்தவர்கள் மாதிரி காரணமே இல்லாமல் நிற்பார்கள். பனிச்சறுக்கு விளையாட வந்த பட்டணத்து ஆட்கள் தலையில் கையை வைத்துக்கொண்டு காரில் ஏறுவார்கள். அவர்கள் அழுதால் எங்களுக்கென்ன? எங்களுக்கு அது திருநாள். அடுத்த வாரமே மறுபடி உறையும், தெரியும். அதனால்தான் திருநாள்.

தில்காவுக்கு ஐம்பத்தொன்பது வயது. பள்ளத்தாக்கில் இருந்த நூல் மில்லில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தாள். மில்லை மூடினார்கள். ஒரு வருடம் எல்லோரையும் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு இரண்டு பெரிய சலவை இயந்திரங்களை வாங்கிப் போட்டு, கீழே சாலையோரம் பொலோனா நடத்தும் விடுதியின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தர ஆரம்பித்தாள். கணவன் யோஷ்கோ போய்ச்சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. பிள்ளை குட்டி இல்லை. வாய் மட்டும் தாராளமாக உண்டு. உலர்த்தும் இயந்திரம் வைத்திருந்தாள், ஆனால் அதில் போடுவதை ஒரு தோல்வியாகவே நினைத்தாள். துணி என்றால் காற்றில் காய வேண்டும், அவ்வளவுதான். ஆகவே குளிர்காலம் முழுக்க அவள் காத்துக் கிடந்தது இந்தத் தெற்குக் காற்றுக்காகத்தான்.

இதே காற்றுக்காகக் காத்துக் கிடந்த இன்னொரு ஆள் காஷ்பர். மேல்சரிவில் இருப்பது இரண்டே வீடு. மேலே தில்கா, கொஞ்சம் கீழே காஷ்பர். அவளோடு ஒரே பள்ளியில் படித்தவன், அவளைவிட மூன்று வகுப்பு மேலே. மனைவியை இழந்தவன். வீட்டுக்குப் பக்கத்தில் மரத்தால் ஒரு சின்னக் கொட்டகை கட்டி, அதில் ஏழு பெட்டித் தேனீ வைத்திருந்தான்.

தேனீ இருக்கிறதே, அது மானமுள்ள பிறவி. எத்தனை மாதம் குளிர் அடித்தாலும் சொந்த வீட்டுக்குள் அசிங்கம் பண்ணாது. அடக்கிக்கொண்டே இருக்கும். முதல் வெதுவெதுப்பான நாள் வந்ததும் மொத்தக் குடும்பமும் வெளியே பாய்ந்து, பறந்துகொண்டே எல்லாவற்றையும் இறக்கிவிட்டுத்தான் திரும்பும். அதுவும் வெள்ளையாக எது தெரிகிறதோ அதன் மேல். முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால், கல்யாணமாகி வந்த புதிதில், தில்கா சீர்வரிசைத் துணியெல்லாம் துவைத்து இப்படி ஒரு ஜனவரி நாளில் கொடியில் காயப்போட்டாள். மாலையில் எடுத்தபோது அத்தனையும் மஞ்சள் பொட்டு. அன்று அவள் போட்ட சத்தத்தை இன்றுவரை ஓடைக்கு அந்தப்பக்கம் சொல்லிச் சிரிப்பார்கள்.

அதற்கப்புறம் வருடா வருடம் தெற்குக் காற்று வீசும் காலையில், காஷ்பர் ஒரு பாட்டில் தேனோடு அவள் வாசலில் வந்து நிற்பான்.

"தில்கா, இன்னைக்குக் கொடி வேண்டாம்."

"உன் தேனீங்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டிக் குடுக்க வக்கில்ல, என் வாசல்ல வந்து நிக்கிறியாக்கும்!" என்று அவள் ஆரம்பிப்பாள். கால் மணி நேரம் திட்டுவாள். தேனை வாங்கிக்கொள்வாள். கொடியும் கட்டமாட்டாள்.

இந்த வருடம் மணி எட்டானது. ஒன்பதானது. காப்பி ஆறிப்போனது. காஷ்பர் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று தில்காவுக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தேன்பெட்டிகளை விரலால் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பது அவன் வழக்கம். உள்ளே உயிர் இருந்தால் 'ஊம்' என்று ஒரு முனகல் எழுந்து அடங்கும். அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தவன், பூட்ஸைக் கழற்றி வீட்டுச் செருப்பு மாட்டக்கூடத் தோன்றாமல் வாசற்படியிலேயே நின்றான்.

"எல்லாம் செத்துப்போச்சு தில்கா. ஏழு பெட்டியும்."

தில்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் பக்கத்தில் மாடு சாகும், நாய் சாகும், கோழி சாகும். தேனீயை மட்டும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. மனிதருக்குச் சொல்வதுபோல இறந்துவிட்டார்கள் என்றுதான் சொல்வோம். சின்னப் பிள்ளைகூட வாய் தவறாது. காஷ்பர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததென்றால் அவன் மனம் எவ்வளவு வெறுத்துப்போயிருக்க வேண்டும்!

"தேனீயப் போய் அப்படிச் சொல்லலாமாய்யா?" என்று கேட்டாள். அவன் பூட்ஸிலிருந்த பனியையே பார்த்தபடி தன்பாட்டுக்குப் பேசினான்.

"பனி விட்டதும் நேஷா வீட்டுக்கே போயிடறேன். அவ கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கா. நாலாவது மாடி, லிஃப்ட்டு எல்லாம் இருக்கு. இனி எனக்கு இங்க என்ன இருக்கு?" என்றான். நேஷா அவன் மகள், எல்லைக்கு அந்தப்பக்கம் கிராட்ஸ் நகரத்தில் இருக்கிறாள்.

இனி எனக்கு இங்கே என்ன இருக்கிறது! அந்தக் கேள்வி தில்காவை எங்கே தைத்தது என்று அவளுக்கே தெரியாது. வாழ்நாளில் தாழ்ந்த குரலில் பேசியே அறியாதவள், அன்று மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "போய்த்தான் ஆகணுமா?"

"ஆமா ஆமா, கடுங்குளிரு," என்று சொல்லிவிட்டு அவன் இறங்கிப் போய்விட்டான்.

மூன்று வாரம் அவள் அவனோடு பேசவில்லை. ஒரு பெண் தன் கௌரவத்தையெல்லாம் இறக்கி வைத்துவிட்டு ஒன்று கேட்டால், குளிரைப் பற்றியா பேசுவான் ஒரு மனுஷன்? போகட்டும், தொலையட்டும், இனி நினைத்த நாளில் கொடி கட்டலாம் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் ராத்திரி விளக்கணைக்கும் முன் கீழே அவன் புகைபோக்கியில் புகை வருகிறதா என்று பார்க்காமல் படுக்கவில்லை. அவன் போய்விட்டால் மேல்சரிவில் ஒரே ஒரு புகைபோக்கிதான்.

ஒன்பதரை மணிக்குத் தில்கா எழுந்தாள். "வரமாட்டியா? வராத. நான் கட்டறேன் கொடி," என்று சுவரிடம் சொன்னாள்.

விடுதியின் பதினான்கு விரிப்புகளையும் கூடையில் அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். முதல் நாலு விரிப்பைக் கோபத்தில்தான் போட்டாள். ஐந்தாவதை உதறும்போது கை நின்றது. சுற்றிப் பார்த்தாள். பனி உருகி, சேறும் பழைய புல்லும் தலைகாட்டி, சரிவு முழுக்க அழுக்குப் பழுப்பாகிக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் இந்த மலையில் பளிச்சென்று வெள்ளையாக இருக்கப்போவது இந்த விரிப்புகள் மட்டும்தான். ஏழு பெட்டியில் ஒரு பெட்டி, ஒரே ஒரு பெட்டி பிழைத்திருந்தாலும், அது எங்கே வரும்? இங்கேதான் வரும்.

மிச்சப் பத்தையும் சுருக்கமில்லாமல், இழுத்து, கல்யாணப் பந்தல்போலக் கட்டினாள். பிறகு சமையலறை நாற்காலியைக் கொண்டுவந்து ஈரப்பனியில் போட்டு அதில் உட்கார்ந்தாள். தன் சலவையில் அழுக்குப் படவேண்டும் என்று வேண்டிக்கொண்ட சலவைக்காரி உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

பொலோனா போன் செய்தாள். "அக்கா, நாலு மணிக்குள்ள விரிப்பு வந்துடுமில்ல? சறுக்க வந்தவங்க அத்தனை பேரும் ஓடிட்டாங்க, ஆனா சாயங்காலம் ஒரு பிறந்தநாள் கூட்டம் வருது."

"வரும், வரும். வைய்யி போனை. நான் வேலையா இருக்கேன்."

"என்ன வேலை?"

"உக்காந்திருக்கேன்."

பதினொன்றாயிற்று. சுவரில் தொங்கிய வெப்பமானி ஒன்பது டிகிரி காட்டியது, பிறகு பத்து. விரிப்புகள் வெறும் விரிப்புகளாக ஆடிக்கொண்டிருந்தன. காஷ்பரின் தேன்கொட்டகை இன்னும் மலைமுகட்டின் நிழலில் கிடந்தது. பன்னிரண்டுக்கு எழுந்துபோய் களி கிளறினாள். பாதியில் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே ஓடிவந்தாள். ஒன்றும் இல்லை. பதினான்கும் ஒரு பொட்டில்லாமல், அவளுடைய வாழ்நாளிலேயே மிகச் சுத்தமான சலவையாக, காய்ந்துகொண்டிருந்தன. தில்காவுக்கு அழுகை முட்டியது. பெட்டிகள் நிஜமாகவே காலிதான்போல.

பன்னிரண்டரைக்குச் சூரியன் முகட்டைத் தாண்டி வந்து கொட்டகைமேல் விழுந்தது. பத்து நிமிடம் போனது.

மூன்றாவது விரிப்பில் கடுகளவுக்கு ஒரு மஞ்சள்.

தில்கா கிட்டப்போய்ப் பார்த்தாள். விரலால் தேய்த்தாள். மோந்து பார்த்தாள். பக்கத்திலேயே இன்னொன்று விழுந்தது. நிமிர்ந்தாள். தலைக்கு மேலே காற்று ரீங்கரித்தது.

"பேண்டுட்டாங்க!" என்று கத்தினாள். "காஷ்பர்! யோவ்! பேண்டுட்டாங்கய்யா!"

கொடியிலிருந்து விரிப்பைப் பிடுங்கிக்கொண்டு, வீட்டுச் செருப்போடே சரிவில் ஓடினாள். வீட்டுச் செருப்போடு வாசல் தாண்டும் பெண்ணை எங்கள் ஊரில் பைத்தியம் என்பார்கள். சொல்லட்டும். பாதி வழியில் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தாள். ஒரு செருப்பு காணாமல் போனது. விரிப்பை மட்டும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

காஷ்பர் வீட்டுக்குப் பின்பக்கம், கொட்டகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். அவள் கூப்பிட்ட கூப்பாட்டுக்குப் பள்ளத்தாக்கே திரும்பியிருக்கும், அவன் திரும்பவில்லை. முன்னால் போய் நின்று விரிப்பை அவன் மூக்குக்கு நேராக விரித்தாள். கத்தி அவன் கையிலிருந்து விழுந்தது. மஞ்சளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், அவளுடைய வெறுங்காலைப் பார்த்தான்.

"கிளேமென் வீட்டுத் தேனீயா இருக்கும்," என்றான் மெதுவாக. "ஓடைக்கு அந்தப்பக்கத்துது."

"எந்திரிய்யா!"

சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கொட்டகையின் முகப்பில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பெட்டிக்கு ஒரு நிறம் அடித்திருந்தது. ஆறு பெட்டிகளின் துவாரங்களிலிருந்தும் தேனீக்கள் தள்ளுமுள்ளாக வெளியே வந்துகொண்டிருந்தன. காஷ்பர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"தட்டினேனே," என்றான். "ஒவ்வொண்ணா தட்டி, காதை வச்சுக் கேட்டேனே. ஒரு சத்தம் இல்லயே."

கடைசி நீலப்பெட்டியிலிருந்து மட்டும் இன்னும் யாரும் வரவில்லை. தில்கா அதைத் தட்டிவிட்டுக் காதை வைத்தாள். உள்ளே 'ஊம்' என்று கணீரென்று எழுந்தது.

"கேக்குதே!"

"என்ன?"

"கேக்குதுங்கறேன்!"

"எது?"

தில்கா பெட்டியிலிருந்து காதை எடுத்தாள். அவனையே பார்த்தாள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வாசலில் நடந்தது முழுக்க அவளுக்கு ஒரே நொடியில் விளங்கியது. ஆகாகா! அவன் அவமானப்படுத்தவில்லை. அவள் கேட்டது அவன் காதிலேயே விழவில்லை!

"யோவ், உனக்குக் காது போயிடுச்சுய்யா!"

"காசு போயிடுச்சா? எவ்வளவு?"

"காது! காது! காது!" என்று அவன் காதைப் பிடித்துத் திருகினாள். "தேனீங்க நல்லாத்தான் இருக்காங்க. நீதான் செவுடு!"

தில்கா அவன் கையை எடுத்து நீலப்பலகையில் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து அழுத்தினாள். உள்ளங்கைக்குக் கீழே பலகை மெல்ல அதிர்ந்தது. அது அவனுக்குத் தெரிந்துவிட்டது. அறுபத்திரண்டு வயது ஆள், கண்ணீரைத் துடைக்காமல், "இருக்காங்க, தில்கா. இருக்காங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவளுக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. மூக்கைத் துடைக்கக் கைக்கு அகப்பட்டது விடுதி விரிப்புத்தான்.

அப்புறம் இருவருக்கும் கையொழியவில்லை. ஈரப்பனியில் இறங்கும் தேனீ விறைத்துப்போகும் என்று, வைக்கோலை அள்ளிவந்து கொட்டகைக்கு முன்னால் பரப்பினார்கள். ஏற்கெனவே விழுந்து கிடந்தவற்றைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்து ஊதினார்கள். பொலோனா மறுபடி போன் செய்தபோது, "விரிப்பெல்லாம் மறுபடி துவைக்கணும், மிஷின்ல காயவச்சு அனுப்பறேன், அனுசரிச்சுக்கோ," என்று தில்காவே சொன்னாள். மிஷின் என்று அவள் வாயிலிருந்து வந்ததும் பொலோனாவுக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று புரிந்துபோயிற்று.

காஷ்பர் மகளுக்குப் போன் போட்டான். இனி மெதுவாகப் பேசி என்ன ஆகப்போகிறது!

"நேஷா! நான் வரல! தேனீங்க இருக்காங்க! ஏழு வீடும்! என்ன? சத்தமா பேசு! உன் போனு சரியில்ல! இந்தா, தில்கா, என்னன்னு நீ கேளு."

தில்கா வாங்கிக் காதில் வைத்தாள்.

"அத்தை," என்றாள் நேஷா. "அப்பாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. தேனீக்காக மட்டும்தான் அங்கயே இருக்காரான்னு."

தில்காவுக்கு முகம் சுட்டது. "அதெல்லாம் நீயே கேட்டுக்கோ."

"நான் கேட்டா அவருக்கு எங்க கேக்குது? நீங்கதான் கேக்கணும், அத்தை."

காஷ்பர் வைக்கோல் கட்டோடு நின்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தக் கேள்வியைத் தாழ்ந்த குரலில் கேட்க இனி வழியில்லை. தில்கா கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை இழுத்து, கீழே விடுதிவரைக்கும் கேட்கும்படி கத்தினாள்:

"தேனீக்காக மட்டும்தான் இருக்கியான்னு கேக்கறா உம்பொண்ணு!"

கூரைகள் சொட்டிக்கொண்டிருந்தன. காஷ்பர் வைக்கோலைக் கீழே வைத்தான். இந்தத் தடவை அவன் "என்ன?" என்று கேட்கவில்லை.

"இல்லன்னு சொல்லு," என்றான்.

தில்கா போனை வாயருகே கொண்டுபோனாள்.

"இல்லையாம்," என்றாள்.