கீழ்வீட்டுக்காரர் பாடிய வீடியோ

பிராங்பேர்ட்டில் எங்கள் கீழ்வீட்டில் இருந்த ஆங்கிலேயர், அறுபதுகளில் இங்கிலாந்துப் பாட்டுக்குழுக்களில் பாடியவராம். மாமா நம்பவில்லை. "கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு," என்றார். ஒருநாள் மனிதர் ஓர் இசைத்தட்டோடு மேலே வந்தார். அட்டையில் நான்கு இளைஞர்கள். நடுவில், நெற்றியை மூடிய தலைமயிரோடு, அவரேதான். மாமா அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆனால் இதில் கேட்கும் குரல் என்னுடையது அல்ல," என்று ஜெர்மனில் சொன்னார் அவர். ஊரூராய் மேடையேறிப் பாடியவர் அவர். இசைத்தட்டுக்கு மட்டும் கம்பெனிக்காரர் வேறொருவரைப் பாடவைத்துவிட்டார்களாம். அடுத்து அவர் சேர்ந்த குழு இசைத்தட்டுப் போடும் முன்பே கலைந்தது. பிறகு ஹம்பேர்க் கிளப்புகளில் பாட வந்தவர் இந்த நாட்டிலேயே தங்கிவிட்டார். அவர் குரல் எங்கும் பதிவாகவே இல்லை.

அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. "பிள்ளையின்ர சாமத்தியவீட்டில பாடட்டுமே. வீடியோவும் எடுக்கிறம்தானே," என்றார். அவர் சம்மதித்தார். கேட்டது ஒன்றுதான்: அந்த வீடியோவில் ஒரு பிரதி.

அக்காவின் பூப்புனித விழாவில் ரோல்ஸ் பரிமாறும் நேரம் பார்த்து அவரிடம் மைக்கைக் கொடுத்தார்கள். எங்கள் சனம் பாட்டுக்காக வாயை மூடுகிற சனம் இல்லை. ஆனாலும் இரண்டாம் வரியில் மண்டபம் அடங்கிற்று.

வீடியோ வந்த அன்று அவரைக் கூப்பிட்டுச் சோபாவில் இருத்தினோம். பாடிய அன்று போட்ட அதே கோட்டுடன் வந்திருந்தார். திரையில் அவர் வாயைத் திறந்தார். ஒரு பெண் குரலில் தமிழ்ச் சினிமாப் பாட்டு வந்தது. எங்கள் விசேஷ வீடியோக்கள் எல்லாம் அப்படித்தான்; உள்ள சத்தத்தை எடுத்துவிட்டு முழுக்கச் சினிமாப் பாட்டுப் போடுவார்கள். வீடியோக்காரரிடம் முன்கூட்டிச் சொல்லிவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாமா வீடியோக்காரருக்குப் போன் எடுத்தார். "அண்ணை, அந்தக் கிழவர் பாடின சத்தம் எங்கை?"

"அது அப்பவே அழிச்சாச்சு, தம்பி. பாட்டு நல்லாப் பொருந்தியிருக்கு, பாத்தனீங்களே?"

விஷயத்தை ஜெர்மனில் சொன்னோம். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இந்த முறை பெண்ணொருத்தியாவது கிடைத்தாளே," என்றார். பிறகு சிரிப்பு நின்றது.

அம்மா ரிமோட்டை எடுத்தார். அந்த இடத்துக்கே திருப்பிவிட்டு, சத்தத்தை அடியோடு நிறுத்தினார். "இப்ப பாடச் சொல்லு," என்றார் என்னிடம். நான் ஜெர்மனில் சொன்னேன்.

அவர் எழுந்து, கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, திரையில் தன் வாயைப் பார்த்தபடி பாடினார். ஒரு சொல்லும் பிசகவில்லை. மாமா கையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

சிறுபிள்ளையான எனக்கோ அந்தச் சினிமாப் பாட்டு மிகவும் பிடிக்கும். சத்தத்தைப் போடச் சொல்லி அம்மாவின் கையைச் சுரண்டினேன். "பொறு," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். நல்ல பாட்டொன்றை நிறுத்திவிட்டு, ஊமை டீவியை எல்லோரும் ஏன் அப்படிப் பார்க்கிறார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை.