கன்னியாகுமரி, இரண்டு பேர்

என் மனைவி விக்டோரியா இருபத்திரண்டு வருஷமாக ஊரையே ஊருக்கு அனுப்பிவைத்தவள். அவள் மட்டும் எங்கள் ஊர் கவரைப்பேட்டையைத் தாண்டினால் திருவள்ளூர், ரொம்பப் போனால் சென்ட்ரல், அவ்வளவுதான். இதைச் சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. புருஷன் நான்தானே!

எங்கள் வீட்டு முன்னறைதான் அவளுடைய கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சத்தம் போடுகிற ஒரு ஃபேன். ரயில் டிக்கெட், லாட்ஜ், வேன், எது வேண்டுமென்றாலும் அவளிடம்தான் வருவார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் எங்கள் வாசலைத் தாண்டித்தான் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். அதனால் வாசல் சுவரில் ஒரு வெள்ளை போர்டு மாட்டியிருந்தாள். பெயர், போகிற ஊர், தேதி, வெயிட்டிங் லிஸ்ட் எத்தனை, எல்லாம் அதில் இருக்கும். இப்போது எவன் கையில் போன் இல்லை? அதிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் விக்டோரியா எழுதினால்தான் ஜனங்களுக்கு நிம்மதி. லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன்கூட நின்று போர்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் ஓடுவான்.

அந்த போர்டுக்கு ஒரு சட்டம் உண்டு. ஊருக்குப் போய்த் திரும்பியவர்கள் நேரில் வந்து தங்கள் பெயரைத் தங்கள் உள்ளங்கையாலேயே அழிக்க வேண்டும். "வந்துட்டோம்க்கா" என்று சொல்லிக்கொண்டே அழிப்பார்கள். அவள் உள்ளேயிருந்து, "நல்லபடியா வந்தீங்களா, சந்தோசம்" என்பாள். ஒருவர் பெயரை இன்னொருவர் தொடக் கூடாது. தெரியாத்தனமாக நான் ஒரு தடவை ஈரத்துணியால் போர்டைத் துடைத்துவிட்டு, ஒரு வாரம் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் ரயில் நின்றது. போர்டு நிறையப் பெயர்கள் இருந்தன. ரயில்வேயே டிக்கெட்டையெல்லாம் ரத்து செய்துவிட்டது. அந்தப் பெயர்களை அழித்துவிட்டுப் போவதுதானே நியாயம்? இவள் மாட்டேன் என்றுவிட்டாள்.

"அழிச்சிடேன்மே. போவாத ஊருக்கு இன்னாத்துக்கு பேரு?"

"போவலன்னா இன்னா? ஒருநாளு போவாங்க இல்ல. போய்ட்டு வந்து அவங்களே அழிக்கட்டும்."

பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். தேதியை மட்டும் மாற்றி மாற்றி எழுதினாள். மே என்பது செப்டம்பர் ஆனது, செப்டம்பர் டிசம்பர் ஆனது. இ-பாஸ் வேண்டும் என்றார்கள், வேண்டாம் என்றார்கள், மறுபடி வேண்டும் என்றார்கள். ஜனங்களும் சளைக்கவில்லை. கம்பெனி மூடிக்கிடக்கிறது, அரிசிக்கு ரேஷன் கடை வரிசையில் நிற்கிறார்கள். ஆனாலும் சாயந்திரமானால் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வந்து, "அக்கா, ஏப்ரல்ல போட்டுப் பாருக்கா" என்பார்கள். டிக்கெட் கையில் இருந்தால் உயிர் கையில் இருக்கிற மாதிரி ஒரு எண்ணம்.

2021 பொங்கல் கழிந்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று நாமெல்லாம் நம்பினோமே, அப்போதுதான் ஒருநாள் போர்டின் கடைசி வரியில் அவள் எங்கள் இரண்டு பேர் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாள். ராஜமாணிக்கம், விக்டோரியா, கன்னியாகுமரி, மே 14. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாமே, நீயும் கிளம்பிட்டியா?"

"ஆமா. கடலுக்குள்ள சூரியன் பொறக்குறதயும் சாவுறதயும் ஒரே ஊர்ல நின்னு பாக்கணும். அத்தினி பேர அனுப்பிட்டேன், நான் பாக்க வேணாமா?"

நியாயமான கேள்விதான். அவளுக்கு என்னிடம் இருந்த ஒரே ஆசை அது. நகை கேட்டவள் இல்லை, புடவை கேட்டவள் இல்லை. கன்னியாகுமரியில் கடல் தெரிகிற மாதிரி ஒரு லாட்ஜையும் போனிலேயே பேசி முடித்தாள். தேதியை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று அந்த லாட்ஜ்காரர் சொன்னாராம். அதில் இவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஏப்ரலில் ஒருநாள் காலை, போர்டில் ஆதிநாராயணன் பெயர் அழிந்திருந்தது. ரசாயனக் கம்பெனியில் பிட்டராக இருந்தவர். குடும்பத்தோடு ராமேஸ்வரம் போக மூன்று தடவை தேதி மாற்றியவர். தெருப்பசங்கள் வேலை என்று விக்டோரியா வாசலில் நின்று திட்டித் தீர்த்தாள். பத்து மணிக்குச் செய்தி வந்தது. ஆஸ்பத்திரியில் விடியற்காலை ஆதிநாராயணன் போய்விட்டார்.

தற்செயல் என்றுதான் நானும் சொன்னேன். ரோலிங் மில்லில் பழுக்கக் காய்ந்த கம்பிக்கு முன்னால் நிற்கிறவன் நான். எனக்குப் பேய் பிசாசு என்று எந்த பயமும் கிடையாது.

நான்கு நாள் கழித்து இம்மானுவேல் பெயர் அழிந்திருந்தது. அவர் என்னோடு வேலை செய்தவர். பிரஸ் மெஷினில் வலது கையில் இரண்டு விரல் போனவர். வேளாங்கண்ணிக்கு டிக்கெட் போட்டிருந்தார். அன்றைக்கு போர்டை நான்தான் முதலில் பார்த்தேன். மார்க்கர் மை உள்ளங்கையில் தேய்ந்து நீளமாக இழுபட்டிருந்தது. உள்ளங்கைத் தடம், அதற்கு மேலே விரல் தடம். எண்ணிப் பார்த்தேன். மூன்று விரல். மறுபடியும் எண்ணினேன். மூன்றுதான்.

இம்மானுவேல் அப்போது சென்னையில் ஒரு வார்டில் மூச்சு முட்டிக் கிடந்தார். இல்லை, கிடந்தார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். விக்டோரியா வந்தாள், பார்த்தாள். போர்டை ஆணியிலிருந்து கழற்றி எங்கள் படுக்கையறைக்குக் கொண்டுபோனாள். அதற்குப் பிறகு அது வெளியே வரவே இல்லை.

அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல். திருவள்ளூரில் பெட் கிடைத்தது. பதினாறு நாள். அந்தப் பதினாறு நாளைப் பற்றி எனக்கு ஒன்றும் சரியாக நினைவில்லை. நடுவில் இரண்டு நாள் சுத்தமாகவே இல்லை. அவளை உள்ளே விடவில்லை, போன் மட்டும்தான். "நீ நல்லாகீறியா?" என்று கேட்டால், "எனக்கு இன்னா, கல்லு மாதிரி கீறேன்" என்பாள். பொய். வீட்டில் தனியாகக் காய்ச்சலில் கிடந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக் கன்னியம்மாதான் கதவுக்கு வெளியே கஞ்சி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். எங்கள் மகள் ஜெனிபரைப் பொதட்டூர்பேட்டையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். ஊரடங்கில் அவளாலும் வர முடியவில்லை.

வீட்டுக்கு வந்தேன். விக்டோரியா இளைத்துப்போயிருந்தாள், ஆனால் சிரித்தாள். கன்னியாகுமரித் தேதி அதற்குள் போயே போய்விட்டிருந்தது. படுக்கையறைக்குள் போய் முதல் வேலையாக போர்டைத்தான் பார்த்தேன். கடைசி வரியில் ராஜமாணிக்கம் என்று இருந்தது. பக்கத்தில் ஒன்றும் இல்லை. விக்டோரியா என்று எழுதியிருந்த இடம் வெள்ளையாக இருந்தது.

"இன்னாய்யா அப்பிடி பாக்குற? ரெண்டு பேரு பேரும் பத்திரமாத்தான் கீது" என்றாள் அவள். விரலை நீட்டி, அந்த வெறும் இடத்தைத் தொட்டு, "விக்டோரியா" என்று படித்தாள்.

அடக் கடவுளே! எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எதிரில் நிற்கிறாள், என் பையை வாங்கி வைக்கிறாள், வெந்நீர் போடப் போகிறாள். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கு பயம். அவள் குளியலறைக்குப் போன நேரம் பார்த்து மார்க்கரை எடுத்து அவள் பெயரை அந்த இடத்தில் எழுதிவிட்டேன். மறுநாள் காலை பார்த்தால் அது இல்லை. மறுபடி எழுதினேன்.

அன்றிலிருந்து நான்கு வருஷம். தினமும் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் முன்னால், அவள் அடுப்படியில் இருக்கும்போது, அவள் பெயரை எழுதிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவேன். ஒருநாள் தவறியதில்லை. ஜுரம் வந்தாலும் எழுதினேன். மகள் வந்தால் போர்டின் மேல் என் யூனிபார்ம் சட்டையை மாட்டிவைப்பேன்.

கடை மறுபடியும் ஓட ஆரம்பித்தது. ஜனங்கள் மறுபடி ஊர் ஊராகப் போனார்கள். விக்டோரியாவும் கன்னியாகுமரி போகலாம் என்று விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கோடை லீவுக்குக் கேட்டாள், ஆயுத பூஜைக்குக் கேட்டாள், கிறிஸ்துமஸுக்குக் கேட்டாள். நான் ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு சொன்னேன். மூட்டுவலி, ஆர்டர் அதிகம், மழை. ஊருக்குப் போய்விட்டால் அந்த இரண்டு நாளும் காலையில் யார் எழுதுவது? போர்டைச் சுருட்டிப் பையிலா வைக்க முடியும்? ஒருநாள் எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதில் போவது என் உயிராக இருந்தால் பார்த்திருப்பேன்.

ஜெனிபர் போனில் சண்டை பிடித்தாள். "ஏன் நைனா, அம்மாவ ஒரே ஒரு தபா கூட்டிக்கினு போனா கொறஞ்சா பூடுவ? அவ்ளோ கல்நெஞ்சா உனக்கு?" கல்நெஞ்சன் என்றே பெயர் வாங்கிக்கொண்டேன். பரவாயில்லை என்று இருந்தேன்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை சாயந்திரம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், கட்டில் மேல் பை இருந்தது. என் வேட்டி, அவள் புடவை, இரண்டு துண்டு.

"நாளைக்கு சாய்ந்தரம் எக்மோர்ல ட்ரெயினு. கன்ஃபார்ம் ஆயிட்ச்சி" என்றாள்.

"எனக்கு லீவு கிடையாதுமே."

"பொய் சொல்லாத. உங்க சூப்பர்வைசர் துளசிராமன் அண்ணங்கிட்ட நானே போன் போட்டு கேட்டுட்டேன். எத்தினி வருசம்யா பேஜாரு பண்ணுவ? நான் செத்தப்புறம் என் போட்டோவ எடுத்துக்கினு போவியா?"

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குள் ஏதோ உடைந்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன். போர்டில் அவள் பெயர் இல்லாததை, தினமும் நான் எழுதுவதை, மறுநாள் அது காணாமல் போவதை.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வந்து என் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"எம் பேரா?" என்றாள். "எம் பேரு அங்கதான்யா கீது. உம் பேருதான் இல்ல."

எனக்குப் புரியவில்லை.

"நீ ஆஸ்பத்திரில இருந்த ஆறாவது நாளு போன் வந்திச்சி. மூச்சுக்கு மெஷினு வெக்கப் போறோம்னாங்க. திரும்பிப் பாத்தா உம் பேரு இல்ல. அழுதுக்கினே எழுதனேன். மறுநாளும் இல்ல. நீ ஊட்டுக்கு வந்துட்ட, அப்பவும் இல்ல. நீ வேலைக்குப் போனதும் தெனம் நான் எழுதிக்கினுகீறேன். மார்க்கரு எப்டி மாசத்துக்கு ஒண்ணு தீருதுன்னு நெனச்ச?"

இரண்டு பேரும் எழுந்து போர்டுக்கு முன்னால் போய் நின்றோம். காலையில் நான் எழுதிய அவள் பெயர் அதற்குள் மறைந்திருந்தது. நான் என் பெயரைப் படித்தேன். அவள் தன் பெயரைப் படித்தாள். நான் காட்டிய இடத்தில் அவளுக்கு எழுத்து தெரிந்தது, அவள் காட்டிய இடத்தில் எனக்கு.

"அப்ப லீவு லீவுக்கு கன்னியாகுமரி போவலாம்னு கேட்டியே, பயமா இல்லியா உனக்கு?" என்றேன்.

"பயந்தான். ஆனா உன்ன எங்கனா தூரமா கூட்டிக்கினு பூட்டா, இந்த போர்டு நம்மள உட்டுடும்னு தோணிக்கினே இருந்திச்சி."

வெளியே தெருவில் கன்னியம்மா யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். கூப்பிட்டுக் காட்டினால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும், யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று. நான் கதவு வரைக்கும் போய்விட்டேன். விக்டோரியா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. என் கையும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், அவளும் திடுக்கிட்டுப் பார்த்தாள்.

"வேணாய்யா. தெரிஞ்சி இன்னா பண்ணப் போறோம்?"

கன்னியம்மாவை நான் கூப்பிடவில்லை. மறுநாள் மத்தியானம் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம். அன்று காலை அவளும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. லோக்கலில் நல்ல கூட்டம். எங்களை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை, ஆனால் லோக்கலில் யார் யாரைக் கவனிக்கிறார்கள்? அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் அவள் முந்தானையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றேன்.

எழும்பூரில் எங்கள் பெட்டியைக் கண்டுபிடித்து ஏறினோம். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். ரயில் கிளம்பி தாம்பரம் தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் கையில் டேப்லட்டோடு ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் நெருங்கினார். விக்டோரியாவின் உதடுகள் அசைந்தன. ஜெபம் செய்கிறாள் என்று தெரிந்தது.

அவர் எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். "முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டு" என்றார்.

அவர் யாரைப் பார்த்துக் கேட்டார் என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் விக்டோரியாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கோம் சார்" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். "ரெண்டு பேரும் இருக்கோம்."

அவர் டேப்லட்டில் எதையோ தட்டிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.