வெள்ளிக்கிழமை எடுத்த இரத்தம்

இந்தச் சபையில் நான் ஒருமுறை பொய்ச் சாட்சி சொன்னேன். அது பொய்யென்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. இன்றைக்கு அதைத் திருத்த வந்திருக்கிறேன்.

என் கணவர் அருளை உங்களுக்குத் தெரியும். வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடையில் விற்பனையாளராக நின்றவர். வாயால் பிழைத்த மனிதர். கொஞ்சம் தள்ளி ஒரு பரிசோதனை நிலையத்தில் இரத்தம் எடுப்பது என் வேலை. போன வருடம் ஆகஸ்ட் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் சட்டைப் பொத்தான் பூட்டிக்கொண்டிருந்தவரின் வலது கை திடீரென்று தொங்கிப்போனது. வாய் ஒரு பக்கம் இழுத்தது. பத்து நிமிடம்தான். பிறகு பழையபடி சிரித்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்றேன்.

"உமக்கு விசரே? இண்டைக்குக் கடையில நல்ல சனம்."

எனக்குத் தெரிந்தது அரைகுறை. பாரிசவாதம் வந்தால் இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவுகள் கூடலாம் என்று டொக்டர்மார் கதைக்கக் கேட்டிருந்தேன். அவரை எங்கள் நிலையத்துக்குக் கூட்டிப்போய் நானே இரத்தம் எடுத்தேன். சி.ஆர்.பி. என்ற அந்த அளவைப் பார்க்கக் கொடுத்தேன். கொடுக்குமுன் குழாயைக் கையில் பொத்தியபடி, "ஆண்டவரே, இதில் ஒன்றும் இருக்கக்கூடாது" என்று அழுதேன்.

பின்னேரம் ரிப்போட் வந்தது. ஒரு குறையும் இல்லை. ஞாயிறு ஆராதனையில் அந்தத் தாளை உயர்த்திக் காட்டி, தேவன் சுகம் தந்தார் என்று சாட்சி சொன்னேன். நீங்கள் எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னீர்கள்.

செவ்வாய் காலை ஆறரைக்கு அவர் கட்டிலிலிருந்து விழுந்தார். ஏதோ சொன்னார், ஒரு சொல்லும் விளங்கவில்லை. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடவில்லை. நெற்றியில் எண்ணெய் பூசி, முழங்காலிட்டு ஜெபித்தேன். சுகம் தந்த தேவனைச் சந்தேகிக்கக்கூடாது என்று நினைத்தேன்.

ஏழரைக்கு நசீர் நானா வந்தார். மாளிகாவத்தைக்காரர். எங்கள் ஒழுங்கை வீடுகளில் உள்ள பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றிப்போகும் ஓட்டோக்காரர். என் சத்தம் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, இது ஸ்ட்ரோக். எங்கட வாப்பாக்கும் இப்பிடித்தான் வாய் கோணிச்சி. ஏத்துங்க!"

"இல்ல நானா, வெள்ளிக்கிழமைதான் ரிப்போட் கிளியரா வந்தது. நீங்க போங்கோ."

"ரிப்போட்ட பொறகு பாப்பம். மனுசன் போயிருவாரு!"

அவரே தோளில் தூக்கி ஓட்டோவில் ஏற்றினார். ஆஸ்பத்திரியில் பெண் டொக்டரிடம் அப்போதும் அந்தத் தாளை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

"இதை வச்சு ஸ்ட்ரோக் இல்லையெண்டு சொல்ல ஏலாது அம்மா. உடம்பில வேற வருத்தம் இருந்தாலும் இந்த அளவு கூடும், ஸ்ட்ரோக் வந்தும் கூடாம இருக்கும். ஸ்கேன்தான் பார்க்கோணும். வெள்ளிக்கிழமை வந்தது எச்சரிக்கை. அண்டைக்கே கொண்டு வந்திருக்கோணும்."

இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு இன்னும் நேரம் இருந்தது. போட்டார்கள். பிழைத்தார். நான் வீட்டில் முழங்காலில் நின்ற ஒரு மணித்தியாலம் மட்டும் திரும்பி வரவில்லை.

இன்றைக்கு அவரால் வலது கையைத் தூக்க முடியாது. ஒரேயொரு சொல்தான் வரும்: "சரி." சோறு வேண்டுமா, சரி. நோகுதா, சரி. போன மாதம் அவர் காலடியில் இருந்து, "என்னை மன்னிப்பீங்களா?" என்று கேட்டேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி" என்றார். அது பதிலா, வாயில் மிஞ்சிய சொல்லா என்று எனக்குத் தெரியாது. பதில் என்றே வைத்திருக்கிறேன்.

கர்த்தருக்கு நன்றி சொல்கிறேன். கசப்போடுதான் சொல்கிறேன். நான் கேட்ட உதவியை அவர் அனுப்பினார். வாசலில் நின்ற அந்த மனிதரை நான் போகச் சொன்னேன்.

அன்பானவர்களே, தேவனை நம்புங்கள். ஆனால் வீட்டில் ஒருவருக்கு வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சுக் குழறினால், பத்து நிமிடத்தில் சுகமானாலும், உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். ஜெபத்தை ஓட்டோவில் இருந்து செய்யுங்கள். அங்கேயும் அவர் கேட்பார்.