வேலி தாண்டாத மழை

வாசற்கதவைத் திறப்பதற்கு முன்னால் கைப்பேசியைத் திறந்துவிடுகிறார் மில்லிமீட்டர் அண்ணன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தாலும், திரையில் வெயில் படம் இருந்தால் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க மனைவியை விடமாட்டார். "வானம் இப்பத்த நிலைமையத்தான் காட்டும். இது நாளைக்கும் சேத்துச் சொல்லுதுல்ல?" என்பார்.

எனக்குப் பக்கத்துத் தோட்டக்காரர், முட்டைக்கோஸ் போட்டிருக்கிறார். நடுத்தோட்டத்தில் தோளுயரக் கம்பம் ஒன்று. அதன்மேல் புனல் வைத்த மழைமானி. எவ்வளவு மழை விழுந்தது என்று அது கைப்பேசிக்குச் சொல்லும். இன்று தண்ணீர் விடு, நாளை வேண்டாம், உரம் போடு என்று கைப்பேசி அவருக்குச் சொல்லும். பெற்ற தாய் பேச்சைக்கூட இவ்வளவு கேட்டிருக்க மாட்டார். எனக்குக் காய்ச்சல் என்றால் "காத்துல ஈரப்பதம் எவ்வளவு?" என்று கேட்கிற மனிதர்.

இந்தப் பருவத்தில் அவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. "தம்பி, நேத்து எனக்கு எட்டு மில்லிமீட்டர்!" வாயெல்லாம் பல். என் தோட்டத்தில் புழுதி பறந்துகொண்டிருந்தது. நடுவே இருப்பது ஒரு கம்பி வேலி. அதைத் தாண்ட மழைக்கு மனம் வரவில்லை போலும். "அதுவும் பாரு, வீட்லேந்து நான் தண்ணி தெளிக்கிற ஸ்பிரிங்க்ளரைத் தட்டிவிடுற அன்னைக்குத்தான் பெய்யுது. மனசறிஞ்ச மழைடா!" நான் சாப்பிடப் போன நேரத்தில் பெய்திருக்கும் என்றுதான் நினைத்தேன். பொறாமையில் வயிறு எரிந்தது, ஒளிப்பானேன்?

மழைதான் பெய்துவிட்டதே என்று கைப்பேசி தண்ணீரை நிறுத்தச் சொன்னது. உரம் மழையில் கரைந்திருக்கும், யூரியா போடு என்றது. போட்டார். கோஸ் இலைகள் ஓரம் கருகின.

"இந்தக் கோஸ் போச்சுன்னா இந்த வருசம் அவ்ளோதாங்க. செடி தண்ணி கேக்குது, கண்ணால பாருங்க" என்று அண்ணன் மனைவி, எங்கள் அக்கா, அழாத குறையாகச் சொன்னார்.

"எட்டு மில்லிமீட்டர் குடிச்ச செடிக்குத் தாகமா? நடிக்குது."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்! செடிகளைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

 நேற்று அக்கா மோட்டாரைத் தானே போட்டுவிட்டு, ஒரு கையில் குடை, மறு கையில் புருஷன் என்று இழுத்துவந்து கம்பத்தடியில் நிறுத்தினார். ஸ்பிரிங்க்ளர் சுற்றி வந்து ஒரு வீச்சு வீசியது. பாதித் தண்ணீர் அண்ணன் முகத்தில், பாதி மழைமானிப் புனலில். சட்டைப்பையில் கைப்பேசி கிணுகிணுத்தது. எடுத்துப் பார்த்தார். மழை தொடங்கிவிட்டதாம்.

"இதாங்க உங்க மழை" என்றார் அக்கா.

அண்ணன் புனலைப் பார்த்தார். கருகிய கோஸைப் பார்த்தார். "அடப்பாவமே, இதுங்களப் பட்டினி போட்டுட்டேனே" என்று முனகினார். அவர் முகம் நிஜமாகவே வாடிவிட்டது. மோட்டாரை நிறுத்தப் போன அக்காவைத் தடுத்தார்.

"வேணாம், ஓடட்டும். நல்லாக் குடிக்கட்டும். அந்தக் குடையக் குடு."

வாங்கி விரித்து, மழைமானிக்குப் பிடித்துக்கொண்டு, தலையோடு கால் நனைந்தபடி நின்றார்.